மகள் ஜெர்மனியில், அம்மாவுக்கு ஹோம் நர்ஸ்: 53 வயதில் இரண்டாவது வீடு வாங்கலாமா?

கேள்வி: கோவையில் ஒரு மோட்டார் பம்ப் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். வயது 53, 58இல் ஓய்வு. சம்பளம் 85,000 ரூபாய், அதில் அடிப்படைச் சம்பளம் 45,000. வீட்டுச் செலவு மாதம் 40,000. மனைவிக்கு 49 வயது, வேலைக்குச் செல்லவில்லை. ஒரே மகள் நர்சிங் படித்து, ஜெர்மன் மொழியும் கற்று, மூன்றாண்டுகளாக ஜெர்மனியில் ஒரு மருத்துவமனையில் பணிபுரிகிறாள். என் அம்மாவுக்கு 79 வயது; எங்களோடு இருக்கிறார். சென்ற ஆண்டு அவர் குளியலறையில் வழுக்கி விழுந்தபோது ஏஜென்சி மூலம் ஹோம் நர்ஸ் வைத்தோம். பகல் ஷிஃப்ட்டுக்கு மட்டும் நாளுக்கு 800 ரூபாய், சாப்பாடும் பதிவுக் கட்டணமும் தனி. பி.எஃப். கணக்கில் 34 லட்சமும் ஃபிக்ஸட் டெபாசிட்டில் 15 லட்சமும் உள்ளன. குடியிருப்பது சொந்த வீடு, கடன் இல்லை. எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. கம்பெனியின் குரூப் இன்சூரன்ஸ் தவிர வேறு காப்பீடு இல்லை.

இப்போது 55 லட்சத்துக்கு ஓர் அபார்ட்மென்ட் வருகிறது. மாதம் 14,000 வாடகை கிடைக்கும் என்கிறார் தரகர். பி.எஃப்.பிலிருந்து 20 லட்சம், டெபாசிட்டிலிருந்து 10 லட்சம், மீதி 25 லட்சத்துக்கு 8.5% வட்டியில் 15 ஆண்டுக் கடன் என்று திட்டமிட்டுள்ளேன். வயதான காலத்தில் விற்றுக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். ஆனால், உலகமே முதுமையடைகிறது, இன்னும் பிள்ளைகள் பெற வேண்டும் என்றெல்லாம் செய்திகளில் வருவதைப் பார்த்தால் குழப்பமாக இருக்கிறது. இந்த மாற்றம் எங்களைப் போன்ற குடும்பத்தை எப்படிப் பாதிக்கும்? வீட்டை வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். என் பார்வையில் இரண்டும் ஒன்றுதான். உங்கள் மகள் ஏன் அங்கே இருக்கிறார், உங்கள் அம்மாவுக்கு ஏன் இங்கே நாளுக்கு 800 ரூபாய் ஆகிறது, அந்த அபார்ட்மென்ட்டை 25 ஆண்டுகள் கழித்து யார் வாங்குவார் என்ற மூன்றும் மக்கள்தொகை மாற்றத்தோடு பிணைந்தவை.

மகளிடமிருந்து தொடங்குகிறேன். 1960களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ஓர் ஓய்வூதியருக்கு ஏறத்தாழ ஆறு பேர் உழைத்துப் பங்களித்தார்கள். இன்று அது இரண்டு பேர் அளவுக்குச் சுருங்கிவிட்டது. அங்கே இன்று உழைப்பவர் செலுத்தும் தொகையே இன்றைய முதியவருக்கு ஓய்வூதியமாகப் போகிறது என்பதால், ஆள் குறையக் குறைய அரசுக்கு முக்கியமான வழிகள் மூன்று: பங்களிப்பைக் கூட்டுவது, ஓய்வு வயதை உயர்த்துவது, வெளியிலிருந்து ஆட்களை அழைப்பது. ஜெர்மனி மூன்றையும் செய்கிறது. ஓய்வு வயது 2031க்குள் படிப்படியாக 67 ஆகிறது. திறன்மிகு இந்தியர்களுக்கான ஆண்டு விசா எண்ணிக்கையை 20,000இலிருந்து 90,000 ஆக உயர்த்துவதாக 2024 அக்டோபரில் அந்நாடு அறிவித்தது. உங்கள் மகளின் சம்பளச் சீட்டை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். ஓய்வூதியத்துக்கென மொத்தச் சம்பளத்தில் 18.6% போகிறது, அதில் பாதி அவருடையது, பாதி நிறுவனத்துடையது. அதற்குக் கீழே முதியோர் பராமரிப்புக் காப்பீடு என்று இன்னொரு பிடித்தம் இருக்கும். 1995 முதல் நடைமுறையில் உள்ள கட்டாயக் காப்பீடு அது. பிள்ளை இல்லாத, 23 வயதைக் கடந்த ஊழியரிடம் அதற்குக் கூடுதலாக 0.6% பிடிக்கிறார்கள். நாளைக்குப் பங்களிக்க ஒரு பிள்ளையை வளர்க்காதவர் இன்றைக்கே சற்று அதிகம் கொடுக்கட்டும் என்பது அதன் கணக்கு. ஜப்பானும் 2000ஆம் ஆண்டில் இத்தகைய காப்பீட்டைக் கொண்டுவந்து, 40 வயது முதல் எல்லோரிடமும் சந்தா வாங்குகிறது.

நம் நாட்டில் அப்படிப்பட்ட காப்பீடு இல்லை. நீங்கள் கொடுத்த 800 ரூபாய் முழுவதும் உங்கள் பையிலிருந்து போனது. மருத்துவமனைச் செலவைத் தரும் வழக்கமான பாலிசிகள்கூட வீட்டில் தூக்கி உட்கார வைக்கவும் குளிப்பாட்டவும் வரும் ஆளின் கூலியைப் பொதுவாகத் தருவதில்லை. மாதத்துக்கு 24,000 என்பது உங்கள் மொத்த வீட்டுச் செலவில் பாதிக்கும் மேல் என்பதைக் கவனியுங்கள். இரவு ஷிஃப்ட்டுக்கும் ஆள் தேவைப்பட்டால் இரண்டு மடங்கு. 2021இல் தமிழ்நாட்டு மக்களில் 13.6% பேர் 60 வயதைக் கடந்தவர்கள் என்றும், 2031இல் அது 18.2% ஆகும் என்றும் மத்தியப் புள்ளியியல் துறை அறிக்கை மதிப்பிடுகிறது. கேரளத்துக்கு அடுத்து நாம்தான். அந்த வேலைக்கு ஆள் கேட்கும் வீடுகள் பெருகும்போது, அதைச் செய்யக்கூடிய இளைஞர்களும் பயிற்சி பெற்ற செவிலியர்களும் குறைவாகவே வருவார்கள். அவர்களில் ஒரு பகுதியினரை வெளிநாடுகளும் போட்டி போட்டு அழைக்கின்றன. எனவே பொது விலைவாசியைவிடப் பராமரிப்புக் கூலி வேகமாக ஏறும் என்றே நான் கணக்கிடுவேன்.

பிள்ளைகள் பெறச் சொல்லும் பேச்சைக் குறிப்பிட்டிருந்தீர்கள். 2024 அக்டோபரில் ஆந்திர, தமிழக முதல்வர்கள் அடுத்தடுத்து அப்படிப் பேசியதைச் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தென் கொரியா பல ஆண்டுகளாகப் பெரும் பணம் செலவிட்டும், 2023இல் அங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 0.72 குழந்தை என்ற நிலைதான் இருந்தது. இங்கே அந்த அறிவுரை பலித்தாலும், இன்று பிறக்கும் குழந்தை சம்பாதிக்கத் தொடங்க இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் ஆகும். உங்கள் நிதித் திட்டத்தில் அதற்கு இடமில்லை.

இனி அபார்ட்மென்ட். 80 வயதில் அதை விற்க நினைத்தால், வாங்க வேண்டியவர்கள் இன்று அங்கன்வாடியில் இருக்கும் குழந்தைகள். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.4 குழந்தை என்கிறது 2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பு. மக்கள்தொகை குறையாமல் இருக்க 2.1 வேண்டும். ஒற்றைப் பிள்ளைகள் இருவர் மணந்துகொண்டால், இரு வீட்டுப் பெற்றோரின் வீடுகளும் அவர்களுக்கே வந்து சேரும். அவர்கள் மூன்றாவதாக ஒரு பழைய அபார்ட்மென்ட்டை வாங்க வேண்டிய தேவை என்ன? ஜப்பானில் 2023 கணக்கெடுப்பின்படி சுமார் 90 இலட்சம் வீடுகள் காலியாகக் கிடக்கின்றன, மொத்த வீடுகளில் ஏழில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. வாரிசுகள் தங்களுக்கு வந்த சொத்தைப் பதிவுசெய்யக்கூட முன்வராததால், மூன்று ஆண்டுகளுக்குள் பதிந்தாக வேண்டும், தவறினால் அபராதம் என்று 2024 ஏப்ரலில் சட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று. அவ்வளவு தூரம் போவானேன்? பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் கேரளம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே அங்கு பத்தில் ஒரு வீடு காலியாக இருந்தது.

கோவையில் நாளைக்கே விலை சரிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. வேலை இருக்கும் நகரங்களுக்குக் கிராமங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் ஆட்கள் வந்துகொண்டேதான் இருப்பார்கள். ஜப்பானிலும் டோக்கியோவைவிடச் சிற்றூர்களே அதிகம் அடிபட்டன. ஆனால் வருவோரில் பெரும்பகுதியினர் வாடகைக்குத்தான் வருகிறார்கள். உங்கள் தலைமுறைக்கு நிலமும் வீடும் இரட்டிப்பாகிக்கொண்டே போனதற்கு, வேலைக்கு வரும் வயதில் ஆண்டுதோறும் பெருகிக்கொண்டிருந்த இளைஞர் கூட்டமும் ஒரு காரணம். அதே வேகத்தை அடுத்த 27 ஆண்டுகளுக்கும் அப்படியே நீட்டிக் கணக்குப் போடுவது சரியல்ல.

விலை ஏற்றத்தை ஒதுக்கிவிட்டு வருமானத்தை மட்டும் பாருங்கள். 55 லட்சத்துக்கு ஆண்டு வாடகை 1,68,000 என்றால் சுமார் 3%. பராமரிப்புக் கட்டணம், வீட்டு வரி, ஆள் மாறும்போது காலியாக நிற்கும் மாதங்கள் ஆகியவற்றைக் கழித்தால் இன்னும் குறையும். மறுபுறம் கடனுக்கு மாதத் தவணை ஏறத்தாழ 24,600. ஓய்வுபெற்ற பின்னும் பத்து ஆண்டுகள் அதைக் கட்டியாக வேண்டும். உங்கள் கையில் ரொக்கம் மிகவும் தேவைப்படும் பத்து ஆண்டுகள் அவை.

அடுத்ததாக, எத்தனை காலத்துக்குப் பணம் வேண்டும் என்ற கேள்வி. 60 வயதைத் தொட்ட இந்தியர் சராசரியாக இன்னும் 18 ஆண்டுகளை ஒட்டி வாழ்கிறார். பெண்கள் அதைவிடச் சற்றுக் கூடுதலாக. சராசரி என்பதால் ஏறத்தாழப் பாதிப் பேர் அதைத் தாண்டுவார்கள். திட்டத்தை உங்கள் வயதுக்குப் போடாதீர்கள், மனைவியின் 90ஆவது வயதுக்குப் போடுங்கள். நீங்கள் ஓய்வுபெறும்போது அவருக்கு 54 வயது. ஆகவே 36 ஆண்டுகள். விலைவாசி ஆண்டுக்கு 6% ஏறினால் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை செலவு இரட்டிப்பாகும்; இன்றைய 40,000 ரூபாய் 24 ஆண்டுகளில் 1,60,000 ஆகும். தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் உங்களுக்கு வரக்கூடியது மாதம் ஐயாயிரம் ரூபாயை ஒட்டியே இருக்கும், ஏனெனில் 2014 செப்டம்பருக்கு முந்தைய பணிக்காலத்துக்கு 6,500 ரூபாய் சம்பள உச்சவரம்பும், பிந்தையதற்கு 15,000 ரூபாய் சம்பள உச்சவரம்பும் வைத்துக் கணக்கிடுகிறார்கள். அந்தத் தொகை விலைவாசிக்கேற்ப உயர்வதும் இல்லை.

எனவே பி.எஃப்.பில் கை வைக்காதீர்கள். 2024-25இல் அதற்குத் தரப்பட்ட 8.25% வட்டி நீடித்தால், இப்போதைய 34 லட்சமும் மாதாந்திரப் பங்களிப்பும் சேர்ந்து ஐந்தாண்டுகளில் 57 லட்சத்தை நெருங்கும். தவணை கட்ட வைத்திருந்த 24,600 ரூபாயில் 15,000ஐ வி.பி.எஃப். என்ற விருப்பப் பங்களிப்பாகப் பிடிக்கச் சொல்லுங்கள். ஊழியரின் பங்களிப்பு ஆண்டுக்கு இரண்டரை லட்சத்தைத் தாண்டினால் அதிகப்படியான பகுதியின் வட்டிக்கு வரி உண்டு. உங்கள் வழக்கமான 5,400 ரூபாயோடு இந்த 15,000 சேர்ந்தால் அந்த எல்லைக்குள்ளேயே நிற்கும். மீதி 9,600ஐப் பங்குச் சந்தைக் குறியீட்டைப் பின்பற்றி முதலீடு செய்யும் ஃபண்ட் ஒன்றில், மாதந்தோறும் செலுத்தும் எஸ்.ஐ.பி. முறையில் போடுங்கள். அது உங்கள் 70 வயதுக்குப் பிந்தைய செலவுக்கான பணம். நடுவில் சந்தை இறங்கும்போது பதறி எடுப்பதாக இருந்தால் இதைத் தொடங்கவே வேண்டாம்.

ஓய்வுபெறும்போது மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் வரை போடலாம். 60 வயது ஆக வேண்டும் என்பது பொது விதி. 55 வயதுக்கு மேல் ஓய்வுபெற்றவர்கள் பணப்பலன் கைக்கு வந்த மூன்று மாதங்களுக்குள் சேரலாம் என்ற விலக்கு உங்களுக்குப் பொருந்தும், அந்தக் கெடுவைத் தவறவிடாதீர்கள். 2023 ஏப்ரலில் நிர்ணயித்த 8.2% அப்போதும் இருந்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வரும். டெபாசிட்டில் இருக்கும் 15 லட்சத்தைப் பராமரிப்பு நிதி என்று பெயரிட்டு ஒதுக்கிவிடுங்கள். இப்போது அம்மாவுக்கு, பிறகு உங்கள் இருவருக்கு. வேறு எதற்கும் அதைத் தொடக் கூடாது. அதில் ஒரு சிறு பகுதியை உடனே செலவிட்டு, குளியலறையில் வழுக்காத தரையும் சுவரில் கைப்பிடியும் அமையுங்கள். இவ்வளவும் செய்தாலும், மனைவி எண்பதைத் தாண்டும்போது பணம் இறுக்கிப் பிடிக்கும் என்பதை மறைக்க விரும்பவில்லை. அந்த இடைவெளியை நிரப்பச் சிறந்த வழி, 58க்குப் பிறகும் இரண்டு மூன்று ஆண்டுகள் வேலை செய்வது. டென்மார்க் 2040இல் ஓய்வு வயதை 70 ஆக்கப்போகிறது, சீனா 2025 முதல் படிப்படியாக உயர்த்துகிறது. இங்கே யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் கணக்குத் தெரிந்தவருக்கு ஜி.எஸ்.டி. வேலை கோவையில் எந்தச் சிறு பட்டறையிலும் கிடைக்கும். அப்படி வருமானம் இருந்தால், ஓய்வூதியத்தை 60 வயது வரை தள்ளிப்போட்டு ஆண்டுக்கு 4% கூடுதலாகப் பெறலாம்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, இந்த மாதமே செய்ய வேண்டியது சொந்தமாக ஒரு மருத்துவக் காப்பீடு எடுப்பது. கம்பெனி காப்பீடு நீங்கள் ஓய்வுபெறும் நாளோடு முடிந்துவிடும். ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் மூன்று ஆண்டுகள். தொடர்ந்து ஐந்தாண்டுகள் பிரீமியம் கட்டிவிட்டால், மோசடி நிரூபிக்கப்பட்டாலன்றி, விண்ணப்பத்தில் தகவல் விடுபட்டது அல்லது தவறு என்று காட்டிக் க்ளெய்மை மறுக்க முடியாது. 53இல் எடுத்தால் 58க்குள் இரண்டும் கழிந்துவிடும். சர்க்கரை நோயை விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதுங்கள்.

குடியிருக்கும் வீட்டை மகள் பெயருக்கு இப்போதே எழுதிவைக்கும் யோசனை இருந்தால் அதையும் தள்ளிப்போடுங்கள், உயில் போதும். எப்போதாவது செட்டில்மென்ட் எழுத நேர்ந்தால், எங்கள் அடிப்படைத் தேவைகளைக் கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள். நிபந்தனை மீறப்பட்டால், 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவின் கீழ் அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கத் தீர்ப்பாயத்தை அணுகலாம். மகள் மீது சந்தேகப்பட்டு இதைச் சொல்லவில்லை. அந்த வீடுதான் உங்கள் கடைசி இருப்பு.

மகளிடம் ஒரு செய்தி சொல்லுங்கள். ஜெர்மன் ஓய்வூதியத்துக்கு 60 மாதப் பங்களிப்பு நிறைவடைந்தால் 67 வயதில் அவருக்கு உரிமை வந்துவிடும். 2017 மே மாதம் நடைமுறைக்கு வந்த இந்திய-ஜெர்மன் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தத்தின்படி, இந்தியாவில் வசித்தாலும் அதைப் பெறலாம். இரு நாட்டுப் பணிக்காலத்தையும் சேர்த்துத் தகுதியைக் கணக்கிடவும் வழியுண்டு. 36 மாதம் முடித்தவர் திரும்பி வருவது பற்றி யோசித்தால், மீதி 24 மாதத்தையும் கணக்கில் வைத்து முடிவெடுக்கட்டும்.