1986 பிலிப்பைன்ஸ் தேர்தலில் சாதாரண மக்கள் வாக்குகளை எப்படிக் காப்பாற்றினார்கள்?

ஓட்டுப் போட்டதோடு வீட்டுக்குப் போகாமல், எண்ணி முடியும்வரை கூடவே நின்றார்கள். அதுதான் என் பதில்.

அந்தப் பிப்ரவரி 7 அன்று அதிபர் மார்கோஸும் எதிர்க்கட்சி வேட்பாளர் கொராசோன் அக்கினோவும் மோதினார்கள். 'நாம்ஃப்ரெல்' என்ற குடிமக்கள் அமைப்பு சுமார் 5 லட்சம் தொண்டர்களைத் திரட்டியிருந்தது. கன்னியாஸ்திரீகள் வாக்குப் பெட்டிகளைச் சூழ்ந்து காவல் இருந்தார்கள். தொண்டர்கள் சாவடி வாரியாக முடிவுகளை வாங்கித் தனியாகக் கூட்டினார்கள். அதில் அக்கினோ முன்னிலை. தேர்தல் ஆணையத்தின் கணக்கிலோ மார்கோஸ்! இந்த இரண்டாவது கணக்கு இல்லையென்றால் மோசடியை யாரால் காட்டியிருக்க முடியும்?

அப்புறம், 9ஆம் தேதி இரவு நடந்தது எனக்கு இன்றும் சிலிர்ப்பூட்டுகிறது. தங்கள் கணினியில் இருக்கும் எண்ணிக்கையும் பலகையில் காட்டும் எண்ணிக்கையும் ஒத்துப்போகவில்லை என்று, ஆணையத்தின் கணினிப் பணியாளர்கள் சுமார் 35 பேர் வெளிநடப்புச் செய்தார்கள். பெரும்பாலும் இளம் பெண்கள். எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

விலையும் இருந்தது. அக்கினோவின் ஆதரவாளரான முன்னாள் ஆளுநர் எவேலியோ ஹாவியர் 11ஆம் தேதி சுட்டுக் கொல்லப்பட்டார். நாடாளுமன்றம் மார்கோஸ் வென்றதாகவே அறிவித்தது. சில நாளில் மணிலாவின் எட்சா சாலை, அவரை எதிர்த்துத் திரண்ட மக்களால் நிரம்பியது. 25ஆம் தேதி மார்கோஸ் நாட்டைவிட்டு வெளியேறினார்.