படகும் மோட்டாரும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: முதன்முறையாக ஒரு சிறிய ஃபைபர் படகும், அதன் பின்புறம் தொங்கும் நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டாரும் வாங்கியிருக்கிறேன். கடலில்தான் ஓட்டுகிறேன். கரை திரும்பும் ஒவ்வொரு முறையும் மோட்டாரை நல்ல தண்ணீரில் ஓட்டிக் கழுவ வேண்டும் என்கிறார்கள். அது அவ்வளவு அவசியமா?

பதில்: அவசியம்தான். புதிதாகப் படகு வாங்கியவர் ஒரே ஒரு பழக்கத்தைத்தான் கைக்கொள்ள முடியும் என்றால், அது இதுவாகவே இருக்கட்டும். காரில் இருப்பதுபோல அவுட்போர்டு மோட்டாருக்கு ரேடியேட்டர் கிடையாது. படகு மிதக்கிற தண்ணீரையே கீழிருந்து உறிஞ்சி, எஞ்சினைச் சுற்றி ஓடவிட்டு, சூட்டோடு வெளியேற்றித்தான் அது தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. ஓட்டம் நின்றதும் அந்தக் குறுகிய வழிகளில் தங்கிவிடும் கடல்நீர், எஞ்சினின் சூட்டிலேயே வற்றி உப்பாகப் படிகிறது. நாளடைவில் அந்த உப்பு வழியை அடைக்கும், எஞ்சினின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை இறுகவைக்கும், அலுமினிய வார்ப்பை உள்ளிருந்தே அரிக்கும். உப்பு கெட்டிப்படுவதற்கு முன், அதாவது கரையேறிய அன்றே, கழுவிவிடுவதுதான் சரி.

மோட்டாரைச் செங்குத்தாக நிறுத்தி, கீழ்ப்பகுதியின் இருபுறமும் உள்ள நீர் உறிஞ்சும் துளைகளை ரப்பர் கிண்ணங்கள் கொண்ட கழுவும் கருவியால் மூடி, குழாய்த் தண்ணீரை நன்றாகத் திறந்த பிறகே எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும், வேகத்தைக் கூட்டக் கூடாது, புரொப்பல்லர் அருகே யாரும் நிற்கக் கூடாது. பத்து நிமிடம் போதுமானது. பல மோட்டார்களில் குழாயை நேரடியாகப் பொருத்திக் கழுவத் தனித் துவாரம் உண்டு. அந்த முறையில் பெரும்பாலும் எஞ்சினை அணைத்துவைத்தே கழுவ வேண்டியிருக்கும் என்பதால், உங்கள் மோட்டாரின் கையேடு சொல்வதையே பின்பற்றுங்கள். தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிடம்கூட, 'ஸ்டார்ட் ஆகிறதா என்று பார்ப்போம்' என்பதற்காகக்கூட, ஓட்டாதீர்கள். தண்ணீரை இழுத்துத் தள்ளும் இம்பெல்லர் ரப்பரால் ஆனது. ஈரமில்லாமல் சுழன்றால் மிகச் சில விநாடிகளிலேயே அதன் இதழ்கள் கருகத் தொடங்கிவிடும்.

எஞ்சின் ஓடும்போது பின்பக்கமாக ஒரு மெல்லிய நீர்த்தாரை பீச்சுவதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் உள்ளே சுற்றுகிறது என்பதற்கு வெளியே தெரிகிற ஒரே அடையாளம் அது. அதில் விரலை வைத்துப் பாருங்கள்: தாரை வலுவாகவும், எஞ்சின் சூடேறிய பின் வெதுவெதுப்பாகவும் இருந்தால் நல்லது. தாரை மெலிந்தாலோ விட்டுவிட்டு வந்தாலோ, முதலில் எஞ்சினை அணைத்துவிட்டு, அது வெளிவரும் துளையில் கெட்டியான நைலான் இழை ஒன்றை நுழைத்துச் சுத்தம் செய்யுங்கள். உப்புக்கட்டியோ பூச்சிக்கூடோ அடைத்திருப்பது சகஜம். அப்படியும் சரியாகவில்லை என்றால் இம்பெல்லரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அது நன்றாக இருப்பதுபோலத் தோன்றினாலும், கடலில் ஓட்டுபவர்கள் ஓராண்டிலோ அதிகபட்சம் ஈராண்டிலோ மாற்றிவிடுவது நல்லது. பழைய இம்பெல்லரில் இதழ் ஏதாவது பிய்ந்திருந்தால் புதியதைப் பொருத்துவதோடு நிறுத்திவிடாதீர்கள். பிய்ந்த துண்டு மேலே எங்கோ நீர்வழியை அடைத்துக்கொண்டிருக்கும், அதைத் தேடி எடுத்தாக வேண்டும்.

கேள்வி: கியர் ஆயிலை நானே மாற்றலாமா? எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: தாராளமாக மாற்றலாம். புது மோட்டாரில் முதல் 20 மணி நேர ஓட்டத்துக்குப் பிறகும், அதன்பின் 100 மணி நேரத்துக்கு ஒருமுறை அல்லது ஆண்டுக்கு ஒருமுறை, எது முந்துகிறதோ அப்போதும் மாற்றுவது பொதுவான கணக்கு. எஞ்சின் ஆயிலுக்கும் ஏறத்தாழ இதே கணக்குதான். மாற்றுவதைவிட, வடிகிற பழைய எண்ணெயைப் படிப்பதுதான் இங்கே முக்கியமான வேலை என்பேன்.

மோட்டாரை ஓர் இரவு அசையாமல் நிறுத்திவைத்துவிட்டு, மறுநாள் கியர் பெட்டியின் கீழ்த் திருகை மட்டும் மெல்லத் தளர்த்துங்கள். தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது என்பதால், உள்ளே புகுந்திருந்தால் அதுவே முதலில் சொட்டும். பிறகு கீழ்த் திருகை முழுவதும் கழற்றி, மேல் திருகையும் எடுத்துவிட்டால் எண்ணெய் சீராக வடியும். அது பால் கலந்தாற்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் உள்ளே புகாமல் தடுக்கும் சீல் ஒன்று எங்கோ பழுதாகிவிட்டது என்று பொருள். கீழ்த் திருகின் நுனியில் காந்தம் இருந்தால் அதில் ஒட்டியிருப்பதை விரலால் தேய்த்துப் பாருங்கள்: மாவுபோல வழவழப்பாக இருந்தால் அது வழக்கமான தேய்மானம், நெருடினால், அல்லது சில்லு சில்லாகத் தென்பட்டால், பல்சக்கரங்களை மெக்கானிக்கிடம் காட்டியாக வேண்டும். புதிய எண்ணெயைக் கீழ்த்துளை வழியாகவே ஏற்றுங்கள். மேல்துளையில் குமிழியில்லாமல் வழிந்த பிறகு, முதலில் மேல் திருகையும் அடுத்துக் கீழ்த் திருகையும், இரண்டுக்கும் புது வாஷர் போட்டு இறுக்குங்கள்.

சீல் கெடுவதற்குப் பெரும்பாலும் காரணம் தூண்டில் நரம்பு. தண்ணீரில் அறுந்து கிடக்கும் நரம்பு புரொப்பல்லருக்குப் பின்னால் தண்டில் சுற்றிக்கொண்டு, சுழலச் சுழல சீலை அறுத்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அவ்வப்போது புரொப்பல்லரைக் கழற்றி, சிக்கியிருக்கும் நரம்பை எடுத்துவிட்டு, தண்டின் பற்களில் கடல்நீருக்குரிய கிரீஸைத் தடவி, நட்டு கழன்றுவிடாமல் தடுக்கும் காட்டர் பின்னைப் புதிதாகப் போட்டுப் பொருத்துங்கள். அந்தக் கிரீஸ் இல்லாவிட்டால் புரொப்பல்லர் தண்டோடு இறுகி, அடுத்த முறை கழற்றவே முடியாமல் போகலாம்.

கேள்வி: இரண்டு மாதம் ஓட்டாமல் வைத்திருந்த மோட்டார் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது.

பதில்: முதலில் எளியவற்றைப் பாருங்கள்: அவசர நிறுத்தக் கயிற்றின் கிளிப் அதன் இடத்தில் இருக்கிறதா, டேங்க் மூடியின் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா, பெட்ரோல் குழாயில் உள்ள கைப்பம்பை அழுத்தினால் கெட்டிப்படுகிறதா, பேட்டரி முனைகள் சுத்தமாக இருக்கின்றனவா? இவையெல்லாம் சரியென்றால் சந்தேகம் பெட்ரோல்மேல்தான். எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றின் ஈரத்தை ஈர்க்கும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து அடியில் தனி அடுக்காகப் பிரிந்துவிடும். அப்படிப் பிரிந்ததை எந்த மருந்து ஊற்றியும் மீட்க முடியாது. வடித்து அப்புறப்படுத்திவிட்டு, நீர்பிரிக்கும் ஃபில்டரை மாற்றி, கார்புரேட்டர் கிண்ணத்தையும் வடித்துவிட்டு முயலுங்கள். இனி ஓட்டாமல் விடுவதற்கு முன் பெட்ரோலில், அது கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் கலந்து, அது கார்புரேட்டர்வரை போய்ச் சேரும்படி சிறிது நேரம் ஓட்டிவிட்டு நிறுத்தினால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

கேள்வி: பழைய ஃபைபர் படகு ஒன்றின் அடிப்பாகத்தில் சிறு கொப்புளங்கள் தெரிகின்றன. பயப்பட வேண்டுமா?

பதில்: பதற வேண்டாம், ஆனால் விட்டுவிடவும் வேண்டாம். மேற்பூச்சான ஜெல்கோட்டைத் தாண்டி நீர் மெல்ல ஊடுருவி, உள்ளிருக்கும் பொருள்களோடு சேர்ந்து அமிலமாகி உப்புவதால் வருபவை அவை. கண்ணாடி அணிந்துகொண்டு ஒன்றைக் குத்திப் பாருங்கள்; புளித்த வாடையுள்ள நீர் வந்தால் ஐயமில்லை. கொப்புளங்களைத் திறந்து, நல்ல தண்ணீரில் கழுவி, வாரக்கணக்கில் உலரவிட்ட பிறகே எப்பாக்சியால் நிரப்ப வேண்டும். ஈரத்தோடு மூடினால் மறுபடி உப்பும்.

கொப்புளத்தைவிட எனக்குக் கவலை தருவது மோட்டார் தொங்கும் பின்பலகைதான். ஃபைபர் உறைக்குள் மரப்பலகை இருக்கும் படகுகளில், போல்ட் துளைகள் வழியே இறங்கும் நீர் மரத்தை வெளியே தெரியாமல் உளுக்கவைத்துவிடும். சுத்தியலின் கைப்பிடியால் எங்கும் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீரென்ற ஓசை ஓரிடத்தில் மந்தமாக மாறினால் அங்கே பழுது. மோட்டாரைப் பாதி உயர்த்தி, அதன் அடிப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் அசைக்கும்போது பலகையும் சேர்ந்து நெளிந்தால், அதைச் சரிசெய்யும்வரை படகைத் தண்ணீரில் இறக்காதீர்கள்.

கேள்வி: என் அலுமினியப் படகில் பாசியும் கொட்டலசும் பிடிக்கின்றன. எந்தப் பெயின்ட் அடிக்கலாம்?

பதில்: தாமிரச் சத்துள்ள பெயின்ட் மட்டும் வேண்டாம். கடல்நீரில் தாமிரமும் அலுமினியமும் சேர்ந்தால் அலுமினியம் அரிபடும். அலுமினியத்துக்கென்றே தயாரிக்கப்பட்டதைக் கேட்டு வாங்குங்கள். பெயின்ட் அடிக்கும்போது, அரிப்பைத் தம்மேல் வாங்கிக்கொள்ளும் அனோடு துண்டுகளின்மேல் அது படக் கூடாது. பட்டால் அவை வேலை செய்யா. அவை பாதி கரைந்ததும் மாற்றிவிடுங்கள். கடலுக்குத் துத்தநாகம் அல்லது அலுமினிய அனோடு, உப்பங்கழிக்கு அலுமினியம், நன்னீருக்கு மெக்னீசியம் பொருந்தும். மெக்னீசியம் பொருத்திய படகைக் கடலில் ஓட்டினால் அது வெகுவிரைவில் கரைந்துபோகும்.