ஸ்கிப்பர் சான்றிதழ்: எந்தப் பயிற்சிக்குப் பணம் கட்டலாம்?

கேள்வி: சென்ற கோடையில் குடும்பத்தோடு கிரேக்கத்தின் அயோனியன் கடலில் ஒரு வாரம் பாய்மரப் படகில் சுற்றினோம். படகோடு ஒரு ஸ்கிப்பரையும், அதாவது படகை நடத்தும் தலைவரையும், அமர்த்தியிருந்தோம். அடுத்த முறை நானே ஓட்ட ஆசை. 'டே ஸ்கிப்பர்' செய்முறைப் பயிற்சியை ஒரு பள்ளி சவுத்தாம்ப்டனில் ஐந்து நாளில் தருகிறது. இன்னொரு பள்ளி கிரேக்கத்திலேயே, பாதி விடுமுறை போல, ஒரு வாரம் தருகிறது. கட்டணத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. எதில் சேரலாம்? (ஒரு வாசகர், ஹாரோ, லண்டன்)

பதில்: பள்ளியைப் பார்ப்பதற்கு முன், படகை வாடகைக்கு விடுபவர் என்ன கேட்பார் என்று பார்த்துவிடுவோம். பிரிட்டனில் சொந்த உல்லாசப் படகை ஓட்ட உரிமம் எதுவும் தேவையில்லை. கிரேக்கத்தில் தேவை. ஆர்.ஒய்.ஏ., அதாவது ராயல் யாட்டிங் அசோசியேஷன், தரும் டே ஸ்கிப்பர் செய்முறைச் சான்றிதழ் கையில் இருந்தால் அதைக் காட்டி ஐ.சி.சி. வாங்கிக்கொள்ளலாம். கிரிக்கெட் ஐ.சி.சி. இல்லை; ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையத் தீர்மானம் 40-இன்படி வழங்கப்படும் படகோட்டித் தகுதிச் சான்று. ஐந்து ஆண்டு செல்லும். பாடப் பகுதியை மட்டும் முடித்து வாங்கும் டே ஸ்கிப்பர் தியரி சான்றிதழை வைத்துக்கொண்டு படகு எடுக்க முடியாது. இரண்டும் பெயரில் ஒன்றுபோல இருப்பதால் பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். பின்னால் குரோவேஷியா பக்கம் போகும் எண்ணம் இருந்தால் வி.எச்.எஃப். ரேடியோ சான்றிதழையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். ஒரு நாள் வேலைதான்.

இனி இடம். என் ஓட்டு சவுத்தாம்ப்டனுக்கு. காரணம் வற்றுப்பெருக்கு. அயோனியனில் கடல் மட்டம் ஏறுவதும் இறங்குவதும் சில அங்குலம்தான், யாரும் கவனிப்பதில்லை. சவுத்தாம்ப்டனில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நான்கு மீட்டர் வரை ஏறி இறங்கும். சவுத்தாம்ப்டனுக்கு வெளியே இருக்கும் சொலென்ட் நீரிணையின் மேற்கு வாயிலில், ஹர்ஸ்ட் கோட்டைக்குப் பக்கத்தில், நீரோட்டத்தின் வேகம் மணிக்கு நான்கு கடல் மைலைத் தாண்டும். பாயில் மணிக்கு ஐந்து கடல் மைல் வேகத்தில் போகும் படகு அதை எதிர்த்துப் போனால் கரையில் நடப்பவர் உங்களை முந்திக்கொண்டு போவார். எத்தனை மணிக்குக் கிளம்புவது, எந்த மணலின் மேல் எத்தனை மணிக்கு எவ்வளவு தண்ணீர் இருக்கும் என்று கணக்குப் போடாமல் அங்கே ஒரு நாள்கூட ஓடாது. சான்றிதழிலேயே வற்றுப்பெருக்குள்ள கடலில் பயின்றவரா, இல்லாத கடலிலா என்று குறித்துத்தான் தருவார்கள். சொலென்டில் பயின்றவர் கிரேக்கத்துக்குத் தாராளமாகப் போகலாம். அங்கே பயின்றுவிட்டு இங்கிலாந்துக் கரையில் படகு எடுக்கப் போனால்தான் சிக்கல்.

கிரேக்கப் பயிற்சிக்கும் நியாயம் உண்டு. அங்கே நங்கூரத்தை முன்னால் போட்டுவிட்டு, பின்பக்கமாக வந்து கல்மேடையில் கட்ட வேண்டும். மதியத்துக்கு மேல் வடமேற்குக் காற்று ஏறிய நேரத்தில், இரண்டு படகுகளுக்கு நடுவில், காபிக்கடைக்காரர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க இதைச் செய்வதைச் சொலென்டில் யாரும் பெரிதாகச் சொல்லித் தர மாட்டார்கள். அதற்கு முழு வாரம் தேவையில்லை. முதல் முறை படகு எடுக்கும்போது முதல் ஒரு நாளுக்கு மட்டும் உள்ளூர் ஸ்கிப்பர் ஒருவரை அமர்த்தி அதையே திரும்பத் திரும்பச் செய்து பாருங்கள். இந்தக் கடலைத் தவிர வேறெங்கும் ஓட்டப்போவதில்லை என்று உறுதியாக இருந்தால் கிரேக்கத்திலேயே பயிலலாம், தவறில்லை.

இடத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. ஐந்து நாளில் நீங்கள் எத்தனை மணி நேரம் ஸ்கிப்பராக இருப்பீர்கள்? பணம் கொடுப்பது அதற்குத்தான். ஒரு பயிற்றுநருக்கு அதிகபட்சம் ஐந்து மாணவர்கள் என்பது ஆர்.ஒய்.ஏ. விதி. ஐந்து பேருமே டே ஸ்கிப்பர் மாணவர்கள் என்றால் உங்கள் முறை வர வெகுநேரம் காத்திருக்க வேண்டும். இரண்டு மூன்று பேர் டே ஸ்கிப்பர், மற்றவர்கள் 'காம்பிடென்ட் க்ரூ', அதாவது ஸ்கிப்பருக்கு உதவும் படகாளுக்கான பயிற்சி, மாணவர்கள் என்றால் உத்தமம். கயிறு இழுக்க ஆள் இருக்கும், உத்தரவு கொடுக்கும் வேலை உங்களுக்கு வந்து சேரும். போனில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். மழுப்பினால் அடுத்த பள்ளிக்குப் போன் போடுங்கள்.

நல்ல பள்ளி என்பதற்கு ஒரு அடையாளம் சொல்கிறேன். சவுத்தாம்ப்டன் அருகே ஹாம்பிள் ஆற்று மரீனாவில், அதாவது உல்லாசப் படகுகளைக் கட்டும் துறையில், நீரோட்டம் பக்கவாட்டில் தள்ளும். மாணவர் படகை உள்ளே கொண்டுவருகிறார். மூக்கைக் கட்டுமிடத்துக்கு நேரே திருப்பிவிட்டார். படகோ நேரே வராமல் பக்கத்துப் படகை நோக்கி நழுவுகிறது. அப்போது சுக்கானைப் பிடுங்கிக்கொள்ளும் பயிற்றுநர் இருக்கிறார். கைகளைக் கோட்டுப் பையில் வைத்தபடி, "அந்தத் தூணையும் பின்னால் இருக்கும் மரத்தையும் பார், இரண்டும் விலகுகிறதா?" என்று மட்டும் கேட்பவரும் இருக்கிறார். இரண்டாமவரிடம் கற்றவர்தான் மறுமுறை மூக்கை நீரோட்டத்தின் பக்கம் சாய்த்து வைத்துக்கொண்டு, படகு தானாகப் பக்கவாட்டில் வந்து ஒட்டும்படி செய்வார். முன்பு படித்த மாணவர் ஒருவரிடம் பேச முடியுமா என்று பள்ளியிடம் கேளுங்கள். இதைத்தான் அவரிடம் விசாரிக்க வேண்டும்.

கட்டணம் பருவத்தைப் பொறுத்து சுமார் 600 முதல் 900 பவுண்ட் வரை இருக்கும். சாப்பாடு, மரீனாக் கட்டணம், டீசல், மழைக்கோட்டு இவையெல்லாம் அதற்குள் அடங்குமா, தனியா என்று எழுத்தில் வாங்குங்கள். புயல் வந்து ஒரு நாள் துறைமுகத்திலேயே போய்விட்டால் என்ன செய்வார்கள் என்பதையும் கேளுங்கள். இதற்குத் தனித் தேர்வு கிடையாது, பயிற்றுநர் ஐந்து நாளும் கவனித்து முடிவு செய்வார். 'தேர்ச்சிக்கு உத்தரவாதம்' என்று விளம்பரம் செய்கிற பள்ளி பக்கமே போகாதீர்கள்.

சேருவதற்கு முன் ஐந்து நாள் கடலில் இருந்திருக்க வேண்டும், 100 கடல் மைல், இரவில் நான்கு மணி நேரம் ஓடியிருக்க வேண்டும் என்று ஆர்.ஒய்.ஏ. எதிர்பார்க்கிறது. கிரேக்கத்தில் வெயில் காய்ந்துகொண்டிராமல் கயிறும் சுக்கானும் பிடித்திருந்தால் அந்த வாரத்தையும் லாக்புக்கில் (கடல் அனுபவப் பதிவேட்டில்) எழுதலாம். ஆனால் வாடகைப் படகுகளை இருட்டியபின் ஓட்டப் பெரும்பாலும் ஒப்பந்தமே அனுமதிக்காது. ஆகவே இரவு மணிநேரம் உங்களிடம் இருக்காது. அதை எங்கே சேர்ப்பது என்று பள்ளியிடமே கேளுங்கள். அப்புறம், 40 மணி நேரத் தியரியைக் குளிர்காலத்திலேயே முடித்துவிடுங்கள். படகில் ஏறிய பிறகு சார்ட்டில், அதாவது கடல் வரைபடத்தில், கோடு போடக் கற்பவர், சுக்கான் பிடிக்கும் நேரத்தை மேசையில் இழக்கிறார்.

கேள்வி: கணவர் டே ஸ்கிப்பர் படிக்கப்போகிறார். நானும் ஏதாவது படிக்க வேண்டுமா? எனக்குக் கடல் பிடிக்கும். ஆனால் தலைவி ஆகும் ஆசை இல்லை. (வாசகி, குரோய்டன்)

பதில்: படியுங்கள். கிரேக்கத்தில் ஸ்கிப்பர் போக, படகு தெரிந்த இரண்டாவது ஆள் ஒருவரையும் கேட்பார்கள். அதற்காக மட்டும் சொல்லவில்லை. பயிற்சியில் ஒரு ஃபெண்டரோடு (படகு உரசாமல் பக்கத்தில் தொங்கவிடும் மிதவை) வாளியைக் கட்டித் தண்ணீரில் போட்டு, "ஆள் விழுந்துவிட்டார், எடு" என்பார்கள். நிஜத்தில் விழுவது உங்கள் கணவராக இருந்தால் படகைத் திருப்பிக்கொண்டு வரவேண்டியவர் நீங்கள். ஐந்து நாள் காம்பிடென்ட் க்ரூ போதும். இருவரும் ஒரே படகில் வேண்டாம் என்பது என் கருத்து. கணவர் தடுமாறும்போது மனைவி உதவுவதும், மனைவி கையிலிருந்து கணவர் கயிற்றை வாங்கிக்கொள்வதுமாக ஐந்து நாளும் போய்விடும். ஒரே வாரம், வேறு வேறு படகு என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: மகனுக்கு 21 வயது. 'பூஜ்யத்திலிருந்து யாட்மாஸ்டர்' என்று சில மாதப் பயிற்சி, முடித்தால் சூப்பர்யாட்டில் (பெரிய சொகுசுப் படகில்) வேலை என்று ஒரு ஏஜெண்ட் முன்பணம் கேட்கிறார். கட்டலாமா? (ஒரு தந்தை, சென்னை)

பதில்: ஏஜெண்டிடம் கட்டாதீர்கள். அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களின் பட்டியல் ஆர்.ஒய்.ஏ. இணையதளத்தில் இருக்கிறது. அதில் இருக்கும் பள்ளிக்கு நேரடியாக எழுதுங்கள். வேலை தருவதாகச் சான்றிதழ் எதுவும் உறுதி சொல்வதில்லை.

இப்படிப்பட்ட துரிதப் பயிற்சிகள் பொய் என்று சொல்ல மாட்டேன். டே ஸ்கிப்பருக்கு மேல்நிலையான யாட்மாஸ்டர் ஆஃப்ஷோர் தேர்வுக்கு உட்கார 50 நாள் கடலில் இருந்திருக்க வேண்டும், 2,500 கடல் மைல் ஓடியிருக்க வேண்டும், அதில் 60 மைலுக்கு மேற்பட்ட பயணங்கள் ஐந்து இருக்க வேண்டும். ரேடியோ, முதலுதவிச் சான்றிதழ்களும் வேண்டும். துரிதப் பயிற்சி இந்தக் கணக்கை எப்படியோ நிரப்பித் தந்துவிடுகிறது. தேர்வை நடத்துவது பள்ளி அல்ல, வெளியிலிருந்து வரும் தேர்வாளர். பல மணி நேரம் பையனைப் படகின் பொறுப்பில் நிறுத்திப் பார்ப்பார். அங்கே சிபாரிசு எடுபடாது. தேறிய பிறகும் சம்பளத்துக்கு ஓட்ட வேண்டுமானால் மருத்துவச் சான்று, கடலில் உயிர்தப்பும் பயிற்சி என்று இன்னும் செலவு இருக்கிறது. சரக்குக் கப்பல் வேலைக்கு இந்தச் சான்றிதழ் உதவாது; அதற்கு நம் கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் வழியே வேறு.

நானாக இருந்தால் முதலில் பையனைச் சென்னைத் துறைமுகத்துக்குள் இருக்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப்புக்கு அனுப்புவேன். 1911-இல் தொடங்கியது; சிறிய பாய்ப் படகுகளில் கற்றுத் தருகிறார்கள். சிறு படகில் காற்றைத் தவறாகப் படித்தால் அடுத்த நொடி தண்ணீரில் இருப்பான். வாந்தி, வெயில், கையில் கயிறு அறுத்த காயம் எல்லாவற்றுக்கும் பிறகும் அடுத்த வாரமும் போகிறேன் என்று சொன்னால், அப்போது பெரிய தொகையைப் பற்றிப் பேசலாம்.

கேள்வி: ஒரே நாளில் ஐ.சி.சி. என்று விளம்பரம் பார்த்தேன். நம்பலாமா? (வாசகர், லெஸ்டர்)

பதில்: நம்பலாம், ஆனால் அது பயிற்சி இல்லை, சோதனை. ஏற்கெனவே ஓட்டத் தெரிந்தும் கையில் காகிதம் இல்லாதவர்களுக்கானது. ஐரோப்பாவின் உள்நாட்டு ஆறுகளிலும் கால்வாய்களிலும் ஓட்டும் எண்ணம் இருந்தால் செவ்னி என்ற விதித் தேர்வையும் சேர்த்து எழுதுங்கள். கடல் மட்டும் என்றால் அது வேண்டாம்.