வாசகர் கேள்வி பதில்: ஐ.நா.வில் யாருக்காகப் பேசுவது?

கேள்வி: சென்னையில் அரசியல் அறிவியல் இறுதியாண்டு படிக்கிறேன். ஐ.நா. போன்ற பன்னாட்டு அமைப்புகளில் தூதராகப் பணியாற்ற விரும்புகிறேன். அதற்கு ஐ.எஃப்.எஸ். (இந்திய வெளியுறவுப் பணி) தேர்வு எழுத வேண்டுமா, ஐ.நா.வுக்கே நேரடியாக விண்ணப்பிக்கலாமா?
- கல்லூரி மாணவி, பெரம்பூர்

பதில்: நீங்கள் ஒன்றாக எண்ணியிருப்பவை இரண்டு தனித்தனிப் பணிகள். நியூயார்க்கிலோ ஜெனீவாவிலோ உள்ள இந்திய நிரந்தரப் பிரதிநிதி அலுவலகத்தில் இருக்கும் ஐ.எஃப்.எஸ். அதிகாரி, டெல்லி வகுத்த நிலைப்பாட்டைத்தான் அவையில் எடுத்துரைப்பார். தம் சொந்தக் கருத்துக்கு அங்கு இடமில்லை. ஐ.நா. செயலகத்தில் பணிபுரியும் இந்தியரோ, ஐ.நா. சாசனத்தின் 100ஆவது பிரிவின்படி, தம் நாட்டு அரசு உட்பட எந்த அரசிடமிருந்தும் உத்தரவு பெறக் கூடாது. எந்தத் தேர்வை எழுதுவது என்று யோசிக்கும் முன், இவ்விரண்டில் எந்தக் கட்டுப்பாடு உங்கள் இயல்புக்கு ஒத்துவரும் என்று பாருங்கள்.

இரண்டிலுமே நம் ஊர்க்காரர்கள் பெயர் பெற்றிருக்கிறார்கள். நீதிக்கட்சித் தலைவர்களில் ஒருவரான ஆற்காடு ராமசாமி முதலியார், நாடு விடுதலை பெறுவதற்கு முன்பே, 1945இல் சான்பிரான்சிஸ்கோவில் இந்தியாவின் சார்பில் சாசனத்தில் கையெழுத்திட்டார். மறு ஆண்டு ஐ.நா.வின் பொருளாதார சமூக மன்றத்தின் முதல் தலைவரானார். சென்னை மாகாணத்து ஐ.சி.எஸ். அதிகாரியான சி. வி. நரசிம்மன், 1960களில் பொதுச் செயலாளர் ஊ தாண்ட்டின் அலுவலகத்தையே நிர்வகித்தார். 1966இல் எம். எஸ். சுப்புலட்சுமி ஐ.நா.வில் பாடியதற்கு அவருடைய முயற்சியும் காரணம். அந்தக் கச்சேரியை நினைவில் வைத்திருக்கும் நாம் அந்த அதிகாரியை மறந்துவிட்டது எனக்குச் சற்று வருத்தந்தான்.

முதல் வழிக்கு யு.பி.எஸ்.சி. குடிமைப் பணித் தேர்வு எழுத வேண்டும். பட்டம் போதும்; பொதுப் பிரிவினருக்கு வயது வரம்பு 21 முதல் 32 வரை; முதன்மைத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். ஆனால் ஐ.எஃப்.எஸ். கிடைத்ததும் ஐ.நா.வுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று எண்ண வேண்டாம். முசூரியிலும் டெல்லியிலும் பயிற்சி, ஒதுக்கப்படும் ஓர் அயல்மொழி, பிறகு ஏதேனும் ஒரு நாட்டுத் தூதரகத்தில் விசா, வணிகம், அங்குள்ள இந்தியர்களின் குறைகள் என்றுதான் தொடக்க ஆண்டுகள் கழியும். 2021 ஆகஸ்டில் பாதுகாப்பு அவைக்குத் தலைமை வகித்த டி. எஸ். திருமூர்த்தி 1985இல் ஐ.எஃப்.எஸ். பணியில் சேர்ந்தவர். நியூயார்க்கில் நிரந்தரப் பிரதிநிதியாக அவர் பொறுப்பேற்றது 2020இல்.

இரண்டாம் வழியில், 32 வயதுக்கு உட்பட்ட பட்டதாரிகளுக்கென 'இளம் தொழில்முறையாளர் திட்டம்' என்று ஒரு தேர்வு உண்டு. அதில் பங்கேற்கும் நாடுகளின் பட்டியல் ஆண்டுதோறும் மாறும் என்பதால், இந்தியா இடம்பெற்றிருக்கிறதா என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். மற்ற பதவிகளில் பெரும்பாலானவை அனுபவசாலிகளுக்கே உரியவை. பி-3 எனப்படும் நடுத்தர அதிகாரி நிலைக்கு முதுகலைப் பட்டத்துடன் ஐந்தாண்டு அனுபவம் கேட்பார்கள். போதாததற்கு, 2025 முதல் நிதி நெருக்கடியால் ஐ.நா. பணியிடங்களைக் குறைத்துவருகிறது. ஆகவே அரசியல் அறிவியலோடு நிற்காமல் புள்ளியியல், பொதுச் சுகாதாரம், அகதிகள் சட்டம் போன்ற ஏதாவது ஒரு துறையில் கைதேர்ந்தவராகுங்கள். யுனிசெப், அகதிகளுக்கான ஐ.நா. ஆணையம் ஆகிய இரண்டுக்கும் சென்னையிலேயே அலுவலகங்கள் உள்ளன. இலங்கை அகதிகள் தாமாகவே விரும்பித்தான் நாடு திரும்புகிறார்களா என்று சரிபார்க்கும் பணியைப் பின்னது 1992இல் தமிழ்நாட்டில் தொடங்கியது. அத்தகைய களப்பணி அனுபவத்துக்கு ஐ.நா.வில் நல்ல மதிப்பு உண்டு.

கேள்வி: தொலைக்காட்சியில் பார்த்தால் பாதி நாற்காலிகள் காலியாக இருக்க, யாரோ ஒருவர் உரை படிக்கிறார். இதற்கா இத்தனை தூதர்கள்?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், மேற்கு மாம்பலம்

பதில்: நீங்கள் பார்ப்பது வேலையின் கடைசிக் கட்டம். தீர்மானங்கள் உருவாவது சிறிய அறைகளில். வரைவில் உடன்பாடு எட்டாத சொற்களைச் சதுர அடைப்புக்குறிக்குள் வைத்து, வரிவரியாகப் பேசி அவற்றை நீக்குவார்கள். ஒரே சொற்றொடருக்காக நள்ளிரவு தாண்டுவதும் உண்டு. நியூயார்க்கில் இரவாகும்போது டெல்லியில் பகல் தொடங்குவதால், புதிய வாசகத்தை உடனே அனுப்பி, காலைக்குள் உத்தரவு பெற்றுவிட இளம் அதிகாரிகள் விழித்திருப்பார்கள். இதற்கிடையே, ஐ.நா. அமைப்புகளுக்கான தேர்தல்களில் 'உங்கள் வேட்பாளரை நாங்கள் ஆதரிக்கிறோம், எங்களவரை நீங்கள் ஆதரியுங்கள்' என்று நாடு நாடாகப் பேசி வாக்குத் திரட்ட வேண்டும். பொதுச் சபையில் உறுப்பு நாடுகள் 193. துவாலுவுக்கும் சீனாவுக்கும் ஆளுக்கு ஒரே வாக்குத்தான் என்பதால் சிறிய நாட்டுத் தூதரை அலட்சியம் செய்பவர் அங்கே தேற மாட்டார். மேடைப் பேச்சைவிடப் பொறுமையும், ஐந்து வரியில் குறிப்பு எழுதும் திறமையுமே அங்கு முக்கியம் என்பது என் கருத்து.

கேள்வி: பிரெஞ்சு படித்தால் பயன் உண்டா?
- வாசகர், அண்ணா நகர்

பதில்: ஐ.நா. செயலகத்துக்கு நிச்சயம் உண்டு. ஆங்கிலமும் பிரெஞ்சும்தான் அதன் நடைமுறை மொழிகள். நுங்கம்பாக்கம் அலியான்ஸ் பிரான்சேஸில் சேரலாம். ஐ.எஃப்.எஸ். அதிகாரியாவதற்கு அது முன்நிபந்தனை அல்ல.

கேள்வி: ஐ.நா. வேலை வாங்கித் தருவதாகக் கூறி ஒருவர் 'பதிவுக் கட்டணம்' கேட்கிறார். கட்டலாமா?
- வாசகர், தாம்பரம்

பதில்: கட்டாதீர்கள். விண்ணப்பம், நேர்காணல், பயிற்சி என எந்தக் கட்டத்திலும் ஐ.நா. பணம் வாங்குவதில்லை. அவர் அனுப்பிய கடிதங்களையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் பத்திரப்படுத்தி, சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள்.