கேபிள்காரரிடம் கேளுங்கள்: டிவியில் மேட்ச்

கோபியில் இருபத்திரண்டு வருடம் கேபிள் ஓட்டியவன் நான். "விளையாட்டுச் சேனல் பற்றி எதுவானாலும் கேளுங்க" என்று சொன்னது தப்பாகப் போயிற்று, அத்தனை கேள்விகள். சிலவற்றுக்கு மட்டும் பதில்.

அந்தியூரிலிருந்து: அண்ணா, மாமியார் வீட்டில் தூர்தர்ஷனோட ஃப்ரீ டிஷ் (மாசக் கட்டணம் இல்லாத டிஷ்) இருக்கு, அதில் இந்தியா மேட்ச் டிடி-யில் வருதுங்க. எங்க கேபிளில் அதே டிடி-யில் வேற ஏதோ ஓடுது. ஏனுங்க?

இதற்காக நான் வாங்கிய திட்டுக்கு அளவே இல்லைங்க. முக்கியமான போட்டிகளை, உரிமை வாங்கிய சேனல், டிடி-யை நடத்தும் பிரசார் பாரதிக்கும் தர வேண்டும் என்பது 2007-ம் வருடச் சட்டம். விளம்பர வருமானத்தில் சேனலுக்கு 75 பங்கு, டிடி-க்கு 25. ஆனால் அந்த ஒளிபரப்பு டிடி-யின் சொந்த ஆன்டெனாவுக்கும் ஃப்ரீ டிஷ்ஷுக்கும் மட்டும்தான், கேபிளுக்கு இல்லை என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கேபிளிலும் இலவசமாக வந்தால், காசு கொடுத்து அந்தச் சேனலை யார் வாங்குவார்கள்? மாமியாரோடு போட்டி போடாமல் அங்கேயே போய்ப் பாருங்க.

பள்ளிபாளையம், தறி ஓட்டுபவர்: ஐபிஎல்லுக்கு இவ்வளவு பணம் எங்கிருந்துங்க வருது?

ஒளிபரப்பு உரிமையிலிருந்துதாங்க. 2023 முதல் 2027 வரை 410 மேட்ச்சுக்கு என்று அந்த உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு ஏலம் போயிற்று. ஒரு மேட்ச்சுக்கு சுமார் 118 கோடி! ஒரு காலத்தில் தூர்தர்ஷன் வைத்ததுதான் சட்டம். 1993 ஹீரோ கப் கிரிக்கெட்டை யார் ஒளிபரப்புவது என்று பெரிய சண்டை வந்தது. அலைவரிசை பொதுமக்கள் சொத்து, அரசின் தனிச்சொத்து அல்ல என்று 1995-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்ததும் கதவு திறந்துகொண்டது. அப்புறம் ஏலம்தான். சேனல் நமக்கு விற்பது ஆட்டத்தை. விளம்பரக்காரருக்கு விற்பது நம்மை. ஐபிஎல்லில் ஒரு இன்னிங்ஸுக்கு இரண்டு முறை, இரண்டரை நிமிடம் ஆட்டம் நிற்கிறதே, வீரர்கள் தண்ணி குடிக்க மட்டுமா? நீங்கள் தறியில் அறுந்த நூலை முடிச்சுப் போடும் நேரத்தில் சேனல்காரர் கல்லா நிரம்பிவிடும்.

பெருந்துறை, கபடி ஆடும் பையன்: டிவி வந்து கபடியைக் கெடுத்துவிட்டதாக எங்க கோச் சொல்றாருங்க.

கோச் சொல்வதில் பாதி சரி. புரோ கபடி 2014-ல் தொடங்கியது. ஒரு ரைடுக்கு, அதாவது எதிரணிப் பக்கம் ஒருமுறை பாடிப் போய் வர, 30 நொடி. இரண்டு ரைடு வெறுமனே போனால் மூன்றாவதில் புள்ளி எடுத்தே தீர வேண்டும், இல்லாவிட்டால் அவுட். பார்ப்பவன் சேனலை மாற்றக் கூடாதே! பொறுமையாகப் பாடிக் களைக்க வைக்கிற பழைய ஆட்டம் போனதில் எனக்கும் வருத்தம்தான். ஆனால் செம்மண்ணில் முட்டி தேய ஆடியவனுக்கு மேட் விரிப்பும் சம்பளமும் கிடைத்தது அதனால்தான் தம்பி. கோச்சிடம் இதையும் சொல்.

சேலத்திலிருந்து: கிரிக்கெட் பவுலர் நடராஜன் வளர்ந்ததில் டிவிக்குப் பங்கு உண்டுங்களா?

உண்டு. சின்னப்பம்பட்டிப் பையன் 2016-ல் டிஎன்பிஎல்லில் (தமிழ்நாடு பிரீமியர் லீக்) பேட்ஸ்மேன் காலடியில் போட்ட யார்க்கர்களை நாடே பார்த்தது. அடுத்த வருடம் ஐபிஎல்லில் பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது. கையில் பந்து அவருடையதுதான், கேமரா மட்டும் சேனலுடையது.

திருப்பூர்: இனி கேபிள் அவ்வளவுதானுங்களா?

2023-ல் ஐபிஎல்லை ஃபோனில் இலவசமாக விட்டார்கள். அந்தச் சீசனில் என் பையனே வீட்டு டிவியை ஆன் செய்யவில்லை.