மறதியை விடுங்கள், அந்த ஃபைலைப் பற்றிப் பேசுவோம்

கேள்வி: எனக்கு வயது 60. கருவூலத் துறையில் கண்காணிப்பாளராக இருந்து எட்டு மாதங்களுக்கு முன் ஓய்வு பெற்றேன். சர்க்கரைக்குப் பத்து ஆண்டுகளாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, பிறகு தூக்கம் இல்லை. ஐந்து மாதமாக மருந்துக் கடையில் அல்பிரசோலம் வாங்கிப் போட்டுக்கொள்கிறேன். பெயர்கள் மறக்கின்றன, ஒருநாள் கேஸ் அடுப்பை அணைக்கவே மறந்துவிட்டேன். பசி இல்லை, எடை ஆறு கிலோ குறைந்துவிட்டது. காதில் இரைச்சல், உள்ளங்காலில் எரிச்சல். யூடியூபில் எல்லாமே அல்சைமர் அறிகுறி என்கிறார்கள். மூளை ஸ்கேன் எடுக்கலாமா? பாலிசி, வீட்டுப் பத்திரம், பாஸ்புக் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு மனைவியிடம் காட்டிவிட்டேன். நான் இல்லாவிட்டாலும் அவளுக்குச் சிரமம் இருக்காது.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருநெல்வேலி மாவட்டம்

பதில்: ஐயா, ஸ்கேனுக்கு இப்போது அவசரம் இல்லை. என் கண் நின்றது உங்கள் கடைசி இரண்டு வரிகளில்தான்.

பத்திரங்களை ஒழுங்காக எடுத்து வைப்பது நல்ல பழக்கம். காலமெல்லாம் கோப்புகளோடு வாழ்ந்தவர் அதைச் செய்யாவிட்டால்தான் வியப்பு. ஆனால் பசியும் தூக்கமும் போய், உடல் இளைத்து, விடியற்காலையில் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கும் ஒருவர் "நான் இல்லாவிட்டாலும்" என்று எழுதினால், அதை வெறும் முன்யோசனை என்று என்னால் விட முடியாது. நேரடியாகவே கேட்கிறேன். செத்துப் போனால் தேவலை என்று தோன்றுகிறதா? எப்படி என்று யோசித்துப் பார்த்தது உண்டா? அதற்கென்று எதையாவது சேர்த்து வைத்திருக்கிறீர்களா?

இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிட்டது போல் ஆகிவிடும் என்று வீட்டார் தயங்குவார்கள். ஆகாது. கேட்டதும் பலருக்குப் பாரம் இறங்கிவிடும். உங்கள் வயது ஆண்கள் இதை வாய் திறந்து சொல்வதில்லை. செய்யத் துணிந்துவிட்டால் பிழைப்பவர்களும் குறைவு. அதனால்தான் சுற்றி வளைக்காமல் கேட்கிறேன்.

இரண்டாவது, மூன்றாவது கேள்விகளில் ஒன்றுக்காவது "ஆமாம்" என்றால், இன்றே, இரவானாலும் சரி, வீட்டார் ஒருவரோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். முதல் கேள்விக்கு மட்டும் "ஆமாம்" என்றால், ஓரிரு நாளில் மனநல மருத்துவரைப் பாருங்கள். மூன்றுக்கும் "இல்லை" என்றாலும் இந்த வாரம் போகத்தான் வேண்டும். நடுவில் மனம் தாங்காவிட்டால் 14416-ஐ அழையுங்கள். மத்திய அரசு 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநலச் சேவை அது. கட்டணம் இல்லை, எந்த நேரத்திலும் தமிழிலேயே பேசலாம். மாத்திரை அட்டைகள் மொத்தத்தையும் இன்றே மனைவியிடம் கொடுத்துவிடுங்கள், வேளைக்கு வேளை அவர் எடுத்துத் தரட்டும். வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் அதையும் அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். எனக்கு எழுதிய அந்தக் கடைசி வரியையும் அவரிடம் காட்டுங்கள். ஃபைலை மட்டும் காட்டியது போதாது.

வேலை போன வருத்தம் வேறு, இது வேறு. 1967-இல் ஹோம்ஸ், ராஹே என்ற இரண்டு அமெரிக்க மனநல மருத்துவர்கள் வாழ்க்கை மாற்றங்களுக்கு மதிப்பெண் போட்டார்கள். துணையை இழப்பதற்கு 100, திருமணத்துக்கு 50, ஓய்வு பெறுவதற்கு 45. நாமோ பொன்னாடை போர்த்தி, குரூப் போட்டோ எடுத்து, அதை ஒரு சுபகாரியம் போல் முடித்து அனுப்புகிறோம். அந்த வருத்தம் சில மாதங்களில் தானாகத் தளர வேண்டும். உங்களுக்கு இறுகிக்கொண்டே போகிறது. இதை மனச்சோர்வு நோய் என்றே நான் சந்தேகிக்கிறேன். மருந்தும் பேச்சும் கேட்கிற நோய் அது.

இனி அந்த அல்பிரசோலம். அது எச்1 பட்டியலில் உள்ள மருந்து. மருத்துவர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது, கொடுத்ததைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். கருவூலத்தில் பில் இல்லாமல் ஒரு ரூபாய் வெளியே விட்டிருப்பீர்களா? உடம்பு விஷயத்தில் மட்டும் ஏன் இந்தத் தாராளம்? இந்த மாத்திரை புதிய செய்திகளை மனத்தில் பதியவிடாது. வயதானவர்களைத் தடுமாறி விழவும் வைக்கும். நீங்கள் யூடியூபில் தேடிக்கொண்டிருக்கும் மறதியில் ஒரு பங்கு அந்த அட்டையிலேயே இருக்கலாம். இன்னொரு பங்கு, சோர்ந்த மனத்தின் கவனமின்மையாக இருக்கலாம். மறதி நோய் வந்தவரைப் பெரும்பாலும் வீட்டார்தான் அழைத்து வருவார்கள். அவரே உட்கார்ந்து தன் மறதிகளை இவ்வளவு துல்லியமாக எழுதுவது அரிது. இதைப் படித்த வேகத்தில் மாத்திரையைச் சட்டென்று நிறுத்திவிடவும் வேண்டாம். ஐந்து மாதப் பழக்கம், வலிப்பு வந்துவிடலாம். மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார்.

அவர் தரும் மனச்சோர்வு மருந்து இரண்டிலிருந்து நான்கு வாரம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். முதல் வாரத்தில் குமட்டல் வந்தால் "ஒத்துக்கொள்ளவில்லை" என்று நீங்களே நிறுத்தாதீர்கள். குணமான பிறகும் சில மாதங்கள் தொடர வேண்டியிருக்கும்.

கவுன்சலிங் என்றால் யாரோ எதிரே உட்கார்ந்து புத்திமதி சொல்வார்கள் என்று நினைக்க வேண்டாம். அதற்குத்தான் உறவினர்கள் இருக்கிறார்களே. நல்ல உளவியல் ஆலோசகர் முதலில் உங்கள் ஒரு நாளை மணிக்கு மணி எழுதச் சொல்வார். எந்த நேரம் பாழாகக் கிடக்கிறது, எதைச் செய்தபோது இம்மியளவாவது மனம் லேசானது என்று பார்த்து, செய்யக்கூடிய சிறு வேலையாக ஒன்றைக் குறித்துக் கொடுப்பார். தோன்றினால் செய்வது என்ற பேச்சே கிடையாது. குறித்த மணிக்குச் செய்ய வேண்டும், மனம் பின்னால் வரும். உங்கள் தெருவிலேயே குடும்ப ஓய்வூதியத்துக்குப் படிவம் நிரப்பத் தெரியாமல், உயிர்வாழ் சான்று எங்கே கொடுப்பது என்று புரியாமல் நிற்கும் பெண்கள் இருப்பார்கள். கொஞ்சம் தெளிந்ததும் வாரத்தில் ஒரு காலை அதற்கு ஒதுக்கலாம். இப்போதே வேண்டாம், முதலில் தூக்கம் திரும்பட்டும்.

காதிரைச்சலை நினைத்துப் பயப்பட வேண்டாம். ஒரு செவித்திறன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். உள்ளங்கால் எரிச்சல் சர்க்கரையாலும் வரும், பி12 வைட்டமின் குறைவாலும் வரும். மெட்ஃபார்மினை ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டால் பி12 குறைவது தெரிந்த விஷயம். அது மறதியையும் சோர்வையும் கூட்டும். ஆறு கிலோ எடைக் குறைவை மட்டும் மனத்தின் மேலேயே போட்டுவிடக் கூடாது. எச்பிஏ1சி எனும் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி, தைராய்டு, பி12, ரத்த அணுக்கள் எல்லாவற்றையும் பொது மருத்துவரிடம் ஒரே நாளில் பார்த்துவிடலாம். ஸ்கேன் தேவையா என்பதை அதற்குப் பிறகு அவர் சொல்லட்டும். போகும்போது பழைய சீட்டுகளோடு அல்பிரசோலம் அட்டையையும் கொண்டுபோய், தினமும் எத்தனை போடுகிறீர்கள் என்பதைக் குறைக்காமல் சொல்லுங்கள். மனைவியும் உடன் வரட்டும்.