கணினியிலிருந்து போன் அடிப்பது: கேட்டதும் சொன்னதும்

தைப்பூசக் காவடிக்கு முன் கோவில் உறுப்பினர்களுக்குக் கணினி வழியே போன் செய்தி அனுப்பினோம் என்று சொன்னாலும் சொன்னேன், கேள்விகள் குவிந்துவிட்டன. நான் மொரீஷியஸின் எபெனில் நிரல் எழுதிப் பிழைப்பவன். பட்டுத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கியூர்பிப்பிலிருந்து: கணினியில் போன் ஒயரே இல்லையே, எப்படி அடிக்கும்?

கணினி அடிப்பதில்லை, அடிக்கச் சொல்கிறது. ட்விலியோ போன்ற இணையவழி போன் சேவையின் ஏபிஐ-க்கு (நிரல்கள் அதோடு பேசும் வாசல்) "இந்த எண்ணைக் கூப்பிடு" என்று இணையத்தில் ஒரு கோரிக்கை போகும். அந்தப் பக்கம் எடுத்ததும், "இப்போது என்ன பேச?" என்று சேவை உங்கள் இணைய முகவரிக்கு வந்து கேட்கும். நீங்கள் திருப்பித் தரும் சின்ன எக்ஸ்எம்எல் துண்டில் (குறிச்சொற்களுக்குள் கட்டளை எழுதிய உரை) "இந்த ஒலியைப் போடு" என்றிருக்கும். பைத்தான் நிரல்மொழியில் பத்து வரி.

ரோஸ் ஹில்லிலிருந்து: அந்தப் பத்து வரியை எழுதிவிட்டேன் அண்ணா. பாதி எண்கள் போகவே இல்லை.

தம்பி, கோவிலின் பழைய நோட்டிலிருந்து எடுத்த எண்களா? 2013 செப்டம்பரில் நம் மொபைல் எண்களுக்கு முன்னால் 5 சேர்ந்து 8 இலக்கமாயிற்று. வீட்டு போன் 7 இலக்கத்திலேயே நிற்கிறது. எல்லாவற்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு 5 ஒட்டினால் இன்னும் கெடும். பிரித்துவிட்டு, முன்னால் நம் நாட்டுக் குறியீடான +230 போடுங்கள். நிரலுக்கு எங்களுக்கு அரை மணி. இந்த நோட்டுக்கு இரண்டு மாலை!

இன்னொன்று: சேவையில் உங்களுடையது காசு கட்டாத சோதனைக் கணக்கு என்றால் நீங்கள் சரிபார்த்துக் கொடுத்த எண்களுக்கு மட்டும்தான் போகும். மொரீஷியஸுக்கு அழைக்கும் அனுமதி திறந்திருக்கிறதா என்றும் கணக்கில் பாருங்கள்.

மகேபூரிலிருந்து: கணினிக் குரலா, நம் குரலா?

நம் குரல். முதலில் தமிழில் வணக்கம், பிறகு இங்கே எல்லோரும் பேசும் கிரியோலில் செய்தி. இரண்டையும் எங்கள் செயலாளர் அக்காவே பேசினார். பின்னணியில் நாதஸ்வரம் மட்டும் வேண்டாம். சாதாரண போன் லைனில் ஒலியை நொடிக்கு 8000 தடவைதான் அளந்து அனுப்பும். ஏறக்குறைய 3400 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள கீச்சு ஒலியெல்லாம் வெட்டுப்படும். நாங்கள் போட்டுப் பார்த்தோம், கொசு பாடியது போலிருந்தது.

போர்ட் லூயிஸிலிருந்து: கேட்டார்களா என்று எப்படித் தெரியும்?

"முடிந்தது" என்று சேவை சொல்வதை நம்பாதீர்கள். வாய்ஸ்மெயில் எடுத்தாலும் முடிந்ததுதான். கடைசியில் "கேட்டிருந்தால் 1 அழுத்துங்கள்" என்று வையுங்கள். அழுத்தாதவர்களை மறுநாள் யாராவது நேரில் கூப்பிடட்டும்.

அதே அன்பர்: 400 பேருக்கு எவ்வளவு நேரம்?

நொடிக்கு ஓர் அழைப்பு என்றால் ஏழு நிமிடத்துக்குள் எல்லாம் கிளம்பிவிடும்.

காத்ர் போர்னிலிருந்து: சேவைக்குக் காசு கொடுக்காமல், சொந்தமாக?

ஆஸ்டெரிஸ்க் இருக்கிறது, சொந்தக் கணினியையே போன் எக்ஸ்சேஞ்ச் ஆக்கும் மென்பொருள். 1999-இல் மார்க் ஸ்பென்சர் தொடங்கியது, இலவசம். ஆனால் அழைப்பு வெளியே போக லைனுக்கு எப்படியும் காசு உண்டு. யாரைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லும் அழைப்புக் கோப்பை வேறு இடத்தில் எழுதி முடித்துவிட்டு, ஆஸ்டெரிஸ்கின் அவுட்கோயிங் அடைவுக்கு (ஃபோல்டர்) நகர்த்துங்கள். அங்கேயே எழுதினால் பாதிக் கோப்பைப் படித்துவிடும்.

ஃபிளாக்கிலிருந்து: புயல் எச்சரிக்கை வந்து பூஜை தள்ளிப்போனால் இரவு 10 மணிக்கு அடிக்கலாமா?

முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தால் அடிக்கலாம். எங்கள் படிவத்தில் இரண்டு கட்டம்: விழாச் செய்தி மாலையில் மட்டும், புயல் செய்தி எந்நேரமும். ஒரு பாட்டி இரண்டையும் கோடு போட்டு அடித்துவிட்டு, "என் மகனைக் கூப்பிடு" என்று எழுதிக் கொடுத்தார்.